அசிம்டோட் என்றால் என்ன? எளிமையாகச் சொல்ல முடியுமா?

நீங்கள் கல்லூரி முதல் வருடம் என்று நினைக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர் என்றால் இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் புதிது. பன்னிரண்டாம் வகுப்பில் தொலைத் தொடுகோடு என்று படித்தோமே, அதுதான்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வேலூருக்கு தினம் பஸ்ஸில் போய்ப் படித்தவன் நான். முதல் செமஸ்டரில் விரிவுரையாளர் பலகையில் அதிபரவளையம் (ஹைப்பர்போலா என்ற வளைகோடு) வரைந்து, சாய்வாக இரண்டு கோடு போட்டு, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். எழுந்து, "தொலைத் தொடுகோடு சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அசிம்டோட். வளைகோடு தொடவே தொடாத கோடு, எழுதிக்கோ" என்றார். அவர் வரைந்த படத்துக்கு அது சரி. எல்லா வளைகோட்டுக்கும் சரியில்லை.

ஓர் ஆற்காடு மக்கன் பேடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. 10 பேருக்கு 0.1, 1000 பேருக்கு 0.001. உள்ளே வைத்த முந்திரிகூடத் துகளாகிவிடும், ஆனால் பங்கு பூஜ்யம் ஆகாது. இதைப் படமாக வரைந்தால் வளைகோடு கிடை அச்சை நெருங்கிக்கொண்டே போகும். நீங்கள் எவ்வளவு சின்ன இடைவெளியைச் சொன்னாலும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அதைவிடச் சின்னதாகிவிடும். வெறுமனே குறைந்தால் போதாது, இப்படிக் குறைய வேண்டும். அந்தக் கிடை அச்சுதான் தொலைத் தொடுகோடு.

சரி, தொடவே கூடாதா? சேலையில் கட்டிய தூளியை ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நடுக்கோட்டை வெட்டி வெட்டித்தான் ஆடும், வீச்சு மட்டும் சுருங்கிக்கொண்டே வரும். நிஜத் தூளி நின்றுவிடும், கணக்கில் நிற்காது. நேரம் போகப் போக அது ஆடுவதைப் படமாக வரைந்தால், அந்த நடுக்கோடும் தொலைத் தொடுகோடுதான். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து வரைந்து பாருங்கள், பூஜ்யக் கோட்டை எண்ணற்ற முறை வெட்டும்.

லிமிட் பற்றிச் சொல்லவில்லையே, செங்குத்தான தொலைத் தொடுகோட்டை விட்டுவிட்டீர்களே என்று யாராவது வரலாம். கேட்டவர் எளிமையாகத்தான் கேட்டிருக்கிறார். அசிம்டோட் என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'சேர்ந்து விழாதது' என்று பொருள். நம் சொல்லோ எங்கே தொடும் என்பதையே சொல்லிவிடுகிறது: தொலைவில்.

அப்புறம், தமிழ் மீடியம் பிள்ளைகள் காலேஜில் திணறுவார்கள் என்று ஊரில் அம்மாக்களைப் பயமுறுத்துகிறார்கள். திணறல் பாடத்தில் இல்லை. இரண்டு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு முதல் வாரமே ஒரு தாள் கொடுத்தால் தீர்ந்துவிடும். எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. நாங்களே நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துப் பகிர்ந்துகொண்டோம்.