ஹஸ்கிக்கு மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்க ஹஸ்கி நாய் மத்தியானமானா நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குது. மெஷின் போட்டு மொட்டை அடிச்சிட்டா குளுகுளுன்னு இருக்கும்னு வீட்டுக்காரர் நிக்கிறாரு. அடிக்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேணாம் தங்கச்சி, மொதல்ல அந்த மெஷினை வாங்கி அலமாரில வச்சு பூட்டுங்க. ஹஸ்கிக்கு முடி ரெண்டு அடுக்கு, மேல முரட்டு முடி வெயிலும் மழைத்தண்ணியும் தோல்ல படாம தடுக்கும், அடியில பஞ்சு மாதிரி இருக்கறது குளிருக்காக. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளும், அதனால மனுசன் தலைக்குப் போடற கணக்கு அதுக்கு ஒத்துவராது. மொட்டை அடிச்சா தோலு வெயில்ல வெந்துடும், முடியும் பழையபடி முளைக்கும்னு உத்தரவாதம் இல்ல, சிலதுக்கு திட்டுத்திட்டாதான் வரும்.

காத்தை அடைக்கறது உள்ள கழண்டு நிக்கிற பஞ்சு முடிதான். அதை எடுக்கறதுக்குன்னே அகலப் பல்லு வச்ச ‘ரேக்’னு ஒரு சீப்பு, பெட் கடையில இருக்கு, வாரத்துல ரெண்டு மூணு தடவை தொடைப்பக்கம், கழுத்துப்பக்கம் நல்லா வாரி விடுங்க, வர்ற முடியைப் பாத்தா இன்னொரு நாயே செய்யலாம் போலிருக்கும். குளிப்பாட்டினா அடிவரைக்கும் காய வைக்கணும், நம்ம ஊரு ஈரத்துல உள்முடி நனைஞ்சே கிடந்தா தோலு புண்ணாயிடும். நடக்கக் கூட்டிப் போறது வெயில் ஏறுறதுக்கு முன்ன, மத்தியானம் ஃபேன் அடியில போட்டுடுங்க.

கேள்வி: எங்க ஷிட்சு நாய்க்கு காது பின்னாடி ஒரே சடை. குளிப்பாட்டினா இன்னும் இறுகுது.
- வாசகர், பீடோர்

பதில்: தண்ணி பட்டா சடை இறுகத்தான் செய்யும் தம்பி, சிக்கு எடுத்துட்டுதான் குளியல். கொஞ்சம் கார்ன்ஃபிளார் தூவி விரலாலயே பிரிங்க, அப்புறம் வேர்ப்பக்கம் முடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நுனியிலருந்து கம்பி சீப்பு போடுங்க, அப்பதான் தோலு இழுபடாது. கத்தரிக்கோல் பக்கம் போகாதீங்க, சடைக்குள்ள தோலும் சேர்ந்து மேல வந்து நிக்கும், எது முடி எது தோலுன்னே தெரியாம வெட்டிடுவோம். ரொம்ப கெட்டியாயிட்டா நாய்க்கு முடி வெட்டற குரூமர்கிட்ட கொண்டுபோய் அந்த எடத்தை மட்டும் மெஷின்ல எடுக்கச் சொல்லுங்க. பூடல் நாயும் இப்படித்தான், உதிர்ற முடி கீழ விழாம சுருளுக்குள்ளயே மாட்டிக்கும், 4லருந்து 6 வாரத்துக்கு ஒருதடவை டிரிம் கட்டாயம்.

கேள்வி: எங்களது சாதா கம்போங் நாய், குட்டை முடி. செம்பனைக்குள்ள சுத்திட்டு உண்ணியோட வருது. அப்பா கறுப்பெண்ணெய் தடவச் சொல்றாரு.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கறுப்பெண்ணெய் இன்ஜினுக்கு, நாய்க்கு இல்ல. தடவினா நக்கும், வயித்துக்குள்ள போனா விஷம், தோலும் எரிஞ்சு போகும். லயத்துல பழைய ஆளுங்க எல்லாரும் செஞ்சதுதான், அதுக்காக நாமளும் செய்யணுமா?

குட்டை முடிக்கு வேலை கம்மி, ரப்பர் பிரஷ்ல வாரம் ஒரு தேய்ப்பு போதும். ஆனா வெளிய போயிட்டு வந்ததும் காது உள்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில தடவிப் பாருங்க, ஒட்டுப்புல் விதையும் அங்கதான் குத்திக்கிட்டு நிக்கும். உண்ணியை இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும், நசுக்கக் கூடாது. உண்ணியால ரத்தத்துல காய்ச்சலே வரும், அதனால மாத்திரையோ முதுகுல ஊத்தற மருந்தோ கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. வீட்டுல பூனை இருந்தா அதையும் சொல்லிடுங்க, நாய்க்கு ஊத்தற சில மருந்துல இருக்கற பெர்மெத்ரின் பூனை உயிருக்கே ஆபத்து.