பழைய லீ-என்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

முன்கட்டையில் (குழலுக்கு அடியிலுள்ள மரம்) விரிசல், பின்கட்டையில் (தோளில் பதியும் மரம்) பள்ளங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். மரத்தில் பதிந்த ஆய்வு முத்திரைகள் ஒருமுறை தேய்ந்துபோனால் திரும்ப வராது. துப்பாக்கியின் வரலாறே அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள். மார்க் 3 வகையில் முன்கட்டையைக் கழற்றிய பிறகே பின்கட்டையின் போல்ட்டைத் திருக வேண்டும். அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பொருந்தியிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். உங்கள் விரிசலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பள்ளத்தில் மரம் குறையவில்லை, நார்கள் நசுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஈரத்துணியை மேலே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் சில நொடிகள் அழுத்துங்கள். ஆவி ஏறி நார்கள் உப்பும். நான்கைந்து முறை பொறுமையாகச் செய்ய வேண்டும். நார் அறுந்த வெட்டுக்காயம் மட்டும் எழும்பாது. அதை அப்படியே விடுவதுதான் என் விருப்பம்.

விரிசலுக்குள் பழைய எண்ணெய் ஊறியிருந்தால் பசை பிடிக்காது. அசிட்டோனால் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் எப்பாக்ஸி பசையை உள்ளே செலுத்தி, ஒருநாள் இறுக்கிக் கட்டி வையுங்கள்.

வார்னிஷுக்குப் பதில், அன்று ராணுவம் பூசிய காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயே போதும். உள்ளங்கையால் மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, பல நாள் காயவிட்டு மறுபூச்சு போடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.