செமினாருக்குப் போவதும் பிஎச்டி படிப்புதான்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். எப்போது போன் செய்தாலும் செமினாரில் இருக்கிறேன், வெளியூர்ப் பேராசிரியர் வந்திருக்கிறார், சீனியருக்கு வைவா (ஆய்வேட்டை முடித்தவரைத் தேர்வாளர்கள் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு) என்று ஏதாவது ஒரு பதில் வருகிறது. இப்படியே போனால் ஆய்வை எப்போது முடிப்பாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவளிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கண்டிக்க வேண்டாம் ஐயா. உங்கள் கவலை நியாயமானதுதான், ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதுகலை வரை பாடத்திட்டம், தேர்வுத் தேதி எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆய்வுப் படிப்பில் அப்படி யாரும் கொடுப்பதில்லை. துறை அலுவலகம் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பு மெயில்தான் மாணவருக்குக் கிடைக்கும் வழிகாட்டி. இந்த வாரம் யார் பேச வருகிறார், யாருடைய வைவா எந்த அறையில், எந்த ஃபெல்லோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகைக்கு) எப்போது கடைசி நாள், போன ஆண்டு முடித்தவர் எங்கே வேலைக்குச் சேர்ந்தார் என்பதெல்லாம் அதில்தான் வரும். இதைத் திறந்துகூடப் பார்க்காத மாணவர்கள் ஏராளம். உங்கள் மகள் படிக்கிறாள், போகவும் செய்கிறாள்.

வைவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அது பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கும். நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் பொது நிகழ்ச்சியாகவே நடக்கும். அமெரிக்காவிலும் ஆய்வைப் பற்றிப் பேசும் பகுதிக்கு வழக்கமாக யாரும் போய் உட்காரலாம். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவிக்கு என்ன கிடைக்கும்? தேர்வாளர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியும். "இந்த முறையை ஏன் எடுத்தீர்கள்? வேறு முறையில் செய்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? இதில் உங்கள் சொந்தப் பங்கு எது, ஏற்கெனவே தெரிந்தது எது?" எந்தத் துறையானாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். பதில் தெரியாத இடத்தில் சீனியர் தடுமாறாமல், "இதை நான் சோதிக்கவில்லை, சோதித்தால் இப்படிச் செய்வேன்" என்று சொல்வதைப் பார்க்கிறாள் பாருங்கள், அதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. இப்படி நாலைந்து வைவா பார்த்தவர் தன் ஆய்வேட்டை எழுதும்போதே அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிடுவார். கடைசி நேரத் திருத்தங்கள் அவ்வளவும் குறையும்.

வெளியிலிருந்து பேச வருபவர்களோடு மாணவர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம் ஒதுக்கும் வழக்கம் பல துறைகளில் உண்டு. பெயர் கொடுத்தால் போதும். அதற்கும் ஆள் சேருவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நாளைக்கு இவள் கட்டுரையை மதிப்பிடப் போகிறவர், பிஎச்டி முடித்தபின் போஸ்ட்டாக் ஆய்வாளராக வேலைக்கு எடுக்கப் போகிறவர், வைவாவுக்கு வெளித்தேர்வாளராக வரப்போகிறவர் எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். போவதற்கு முன் அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, உண்மையிலேயே புரியாத ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். பயோடேட்டாவை நீட்ட வேண்டாம்.

அந்த மேசையில் எப்படியும் ஒரு கேள்வி வரும்: "நீங்கள் என்ன ஆய்வு செய்கிறீர்கள்?" அதற்குச் சட்டென்று, தெளிவாகப் பதில் சொல்ல வராதவர்கள் அதிகம். இதற்கென்றே 'த்ரீ மினிட் தீசிஸ்' (மூன்று நிமிட ஆய்வேடு) என்று ஒரு போட்டி இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கியது. மூன்றே நிமிடம், அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, வேறு பொருள் எதையும் மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. துறை தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஆய்வைச் சொல்ல வேண்டும். அப்போது அங்கே கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்தில் முடிக்க வீடுகளில் மணற்கடிகாரம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே பிறந்தது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவளுடைய பல்கலைக்கழகத்தில் இந்த அறிவிப்பு வந்தால் பெயர் கொடுக்கட்டும். பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை. தன் ஆய்வை மூன்று நிமிடத்துக்குச் சுருக்கும்போதுதான் அதில் எது முக்கியம் என்பது அவளுக்கே பிடிபடும்.

அப்புறம் கடைசித் தேதிகள். இது பலரும் ஏமாறுகிற இடம். ஒரு வாய்ப்புக்கு வெளியே அறிவித்த தேதி ஒன்று, பல்கலைக்கழகத்துக்குள்ளே வேறொன்று. நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் வாய்ப்புகளில் உள்தேதி சில வாரங்கள், சில சமயம் மாதங்களே முன்னால் வந்துவிடும். ஜெர்மனியின் லிண்டாவ் நகரில் 1951 முதல் நோபல் பரிசு பெற்றவர்களும் இளம் விஞ்ஞானிகளும் சந்திக்கும் கூட்டம் நடக்கிறது. அதற்கும் பெரும்பாலும் நிறுவனங்களின் பரிந்துரை வழியாகத்தான் போக முடியும். இப்படிப்பட்ட அறிவிப்பு துறை மெயிலில் இரண்டு வரியாக வந்து போய்விடும். கான்ஃபரன்ஸ் பயண உதவித்தொகையும் இதே கதைதான்; ஆய்வுச் சுருக்கம் அனுப்ப ஒரு தேதி, பணத்துக்கு விண்ணப்பிக்க இன்னொரு தேதி. மெயில் வந்த அன்றே இரண்டையும் காலண்டரில் குறித்து வைக்கட்டும். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் ஆய்வை வழிநடத்தும் கைடிடம் மூன்று வாரத்துக்கு முன்பாவது கேட்டுவிட வேண்டும்.

எல்லா நிகழ்ச்சிக்கும் போக வேண்டுமா என்றால், இல்லை. வரவேற்பு விழா, பொதுவான ஊக்கவுரை இவற்றையெல்லாம் தாராளமாக விடலாம். ஆய்வேடு எழுதும் ஆண்டில் தன் தலைப்பை ஒட்டியவை மட்டும் போதும். இரண்டாம் ஆண்டில் கொஞ்சம் விரிவாகப் போவது நல்லது, பக்கத்து லேபில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதும் சேர்த்து.

சரி, கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஆய்வில் சிக்கிக்கொண்ட மாணவர்கள் சிலர், அந்தச் சிக்கலைப் பார்க்கப் பயந்து நிகழ்ச்சிகளுக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பார்கள், வேலை மட்டும் நகராது. இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். "எப்போ முடிப்பே?" என்று கேட்டால் அவள் இன்னும் மூடிக்கொள்வாள். அதற்குப் பதிலாக, கைடைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று சாதாரணமாகக் கேளுங்கள். இந்த ஆண்டு நீ எங்கே பேசப் போகிறாய், உன் ஆய்வைப் பற்றிக் கான்ஃபரன்ஸில் போஸ்டர் ஏதாவது வைக்கிறாயா என்றும் கேளுங்கள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்பவளாக மட்டுமே இருந்தால் அது போதாது. லேப் கூட்டத்திலாவது இந்த ஆண்டு முடிவதற்குள் அவள் ஒருமுறை எழுந்து தன் வேலையைச் சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம்தான் கைடைப் பார்த்தேன் என்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை என்றால், அல்லது கேட்டதும் பேச்சை மாற்றினால், திட்டாதீர்கள். ஆய்வுக்குழுவில் கைடு தவிர வேறு பேராசிரியர்களும் இருப்பார்கள். அவர்களில் தனக்குப் பேச வசதியான ஒருவரை இந்த வாரமே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் விரும்பினால் என்னிடமும் பேசலாம்.