டிவிடி பிளேயரில் ஓடாத வீடியோக்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: போனில் எடுத்த எம்பி4 வீடியோக்களை டிவிடியில் பதிந்தேன். கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது, டிவிடி பிளேயரில் போட்டால் 'டிஸ்க் எரர்' என்கிறது. ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்பதை ஏவிஐ என்று மாற்றியும் பயனில்லை. ஏன்?

பதில்: பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. போன்கள் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 முறையில் வீடியோவைச் சுருக்கி, ஆடியோவை ஏஏசி ஆக வைக்கின்றன. சாதாரண டிவிடி பிளேயரின் சிப்புக்கு இவை எதையும் பிரித்துப் படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எம்பெக்-2 வீடியோ. படத்தின் அளவு 'பால்' என்ற டிவி ஒளிபரப்பு முறையில் 720 x 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப் படம்). 'என்டிஎஸ்சி' என்ற இன்னொரு ஒளிபரப்பு முறையில் 720 x 480, நொடிக்கு 29.97 ஃபிரேம். ஆடியோ பெரும்பாலும் ஏசி-3 என்ற வகையில் இருக்கும், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும்.

இது பாதிதான். ஃபைலைச் சரியாக மாற்றிவிட்டு, அதை அப்படியே 'டேட்டா டிஸ்க்' ஆகப் பதிந்தாலும் பல பிளேயர்கள் திறக்காது. டிஸ்க்கில் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரும், அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி ஃபைல்களும் இருக்க வேண்டும். படம் விஓபியில் இருக்கிறது. எது எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு ஐஎஃப்ஓவில். பியூபி அந்தக் குறிப்பின் நகல். இந்த அமைப்பை உருவாக்குவதைத்தான் 'ஆத்தரிங்' என்கிறார்கள். மாற்றுவதோடு நிறுத்திவிட்டு இந்தப் படியை விட்டுவிடுவதால்தான் டிஸ்க்குகள் வீணாகின்றன.

கேள்வி: இதையெல்லாம் ஒரே மென்பொருளில் செய்ய முடியுமா?

பதில்: முடியும். இலவசமாகக் கிடைக்கும் 'டிவிடி ஸ்டைலர்' போதும். புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போது அது கேட்பவற்றில் கவனிக்க வேண்டியவை நான்கு: டிஸ்க் கொள்ளளவு 4.7 ஜிபி, வீடியோ முறை பால் அல்லது என்டிஎஸ்சி, திரை விகிதம் 16:9 அல்லது 4:3, ஆடியோ ஏசி-3. மெனு தேவையில்லை என்றால் 'டெம்ப்ளேட் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வீடியோக்களை இழுத்து, ஓட வேண்டிய வரிசையில் கீழே போடுங்கள்.

'பர்ன்' கொடுத்ததும் நேராக டிஸ்க்கில் பதியாமல், முதலில் ஃபோல்டராகவோ ஐஎஸ்ஓ ஃபைலாகவோ (முழு டிஸ்க்கின் நகலாக ஒரே ஃபைல்) உருவாக்கச் சொல்லுங்கள். அதை 'விஎல்சி' என்ற வீடியோ பார்க்கும் மென்பொருளில் திறந்து தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகு பதிந்தால் போதும். தவறு இருந்தால் போவது நேரம் மட்டுமே, டிஸ்க் போகாது.

'பால்' முறையா, 'என்டிஎஸ்சி' முறையா என்பதற்கு மூல வீடியோவைப் பாருங்கள். மூலம் 25 ஃபிரேம் என்றால் பால். போன் வீடியோ பெரும்பாலும் 30 ஃபிரேம். அதை 25 ஆக்கினால் நொடிக்கு 5 ஃபிரேம்கள் கழிக்கப்படும், கேமராவைத் திருப்பும் இடங்களில் படம் தத்தித் தத்தி நகரும். உங்கள் பிளேயரும் டிவியும் இரண்டு முறைகளையும் ஏற்றால், 30 ஃபிரேம் வீடியோவுக்கு என்டிஎஸ்சியே நல்லது. பால் நாடுகளில் விற்கப்படும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். என்டிஎஸ்சி நாடுகளின் பிளேயர்களை அப்படி நம்ப முடியாது.

கேள்வி: மூன்று மணி நேர விழா வீடியோவை ஒரே டிஸ்க்கில் அடக்கினேன். ஆட்கள் வேகமாக நகரும் இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எந்த செட்டிங் தவறு?

பதில்: செட்டிங் எதுவும் தவறில்லை, டிஸ்க்கில் இடம் போதவில்லை. எம்பெக்-2 பழைய முறை. அதே தரத்துக்கு எச்.264-ஐ விட நிறைய இடம் கேட்கும். எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: 600-ஐ மொத்த நிமிடங்களால் வகுங்கள். வருவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. 100 நிமிடத்துக்கு 6. 120 நிமிடத்துக்கு 5. உங்கள் 180 நிமிடத்துக்கு 3.3 வருகிறது, ஆடியோவுக்கு 0.2 போனால் படத்துக்கு 3.1தான். பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்கு அது போதும். கூட்டம், நடனம், ஓடும் தண்ணீர், கேமரா ஃபிளாஷ் என்று வந்தால் போதாது.

மூலம் நல்ல தரத்தில் இருந்தால் இரண்டு டிஸ்க்குகளாகப் பிரிப்பதே சரி. இரண்டு அடுக்கு கொண்ட 8.5 ஜிபி டிஸ்க்கும் உண்டு. ஆனால் பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் நின்றுவிடலாம். ஒரே டிஸ்க்கில்தான் வேண்டும் என்றால் படத்தின் அளவை 352 x 576 ஆகக் குறையுங்கள். டிவிடி விதியில் அதற்கும் இடம் உண்டு. கூர்மை சற்றுக் குறையும், கட்டங்கள் அடங்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் குறுகிய வீடியோவில் வரும். 20 நிமிடம்தானே என்று மெகாபிட் அளவை உச்சத்துக்கு ஏற்றிவிடுவார்கள். டிவிடி விதிப்படி வீடியோவின் உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட். தொழிற்சாலையில் அச்சிட்டு வரும் டிஸ்க்கை விட நாம் பதியும் டிஸ்க்கைப் படிப்பது பிளேயருக்குக் கடினம் என்பதால், 8-ஐத் தாண்டினாலே சில பிளேயர்கள் திணறும். 7க்குள் வைத்தால் நிம்மதி.

கடைசியாக ஒன்று: 4.7 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டர் 4.38 என்றுதான் காட்டும். எண்ணும் முறை வேறு, டிஸ்க்கில் குறையில்லை.

கேள்வி: மாற்றிய வீடியோவில் போகப்போகப் பேச்சுக்கும் உதட்டசைவுக்கும் பொருந்தவில்லை.

பதில்: 'போகப்போக' என்று நீங்கள் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து ஒரே அளவு விலகல் என்றால் ஆடியோவை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். விலகல் கூடிக்கொண்டே போனால் மூல வீடியோவின் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லை என்று பொருள். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தாமாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மாற்றும் மென்பொருள் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வேகமாக எடுத்துக்கொண்டால் ஆடியோ பிந்தும் அல்லது முந்தும்.

முதலில் 'ஹேண்ட்பிரேக்' மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய், ஃபிரேம் வேகம் 30, 'கான்ஸ்டன்ட்' என்று வையுங்கள். தர அளவை 16 முதல் 18க்குள் வைத்தால் இந்த இடைமாற்றத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இராது. கிடைக்கும் ஃபைலை டிவிடி ஸ்டைலருக்குக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் மட்டும் போதாதா என்றால், போதாது. அது எம்பி4, எம்கேவி, வெப்எம் ஃபைல்களைத்தான் தரும். டிவிடி அமைப்பை உருவாக்காது.

கேள்வி: டிவியில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறார்கள்.

பதில்: 16:9 வீடியோவுக்கு 4:3 என்ற குறியீடு விழுந்திருக்கிறது. டிவிடியில் இரண்டுக்கும் ஒரே 720 x 576 புள்ளிகள்தான். எவ்வளவு அகலமாக விரிக்க வேண்டும் என்பதைக் குறியீடுதான் சொல்கிறது. ப்ராஜெக்ட்டில் 16:9 என்று மாற்றி மறுபடி உருவாக்குங்கள். பிளேயரின் செட்டப் மெனுவில் டிவி வகையும் 16:9 ஆக இருக்கட்டும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ என்றால், இரு பக்கமும் கறுப்புப் பட்டை சேர்த்தே ஆக வேண்டும். 16:9 சட்டத்துக்குள் அந்தப் படத்துக்குக் கிடைப்பது 720 புள்ளிகளில் சுமார் 228 மட்டுமே.

கேள்வி: பிளேயரில் யூஎஸ்பி துளை இருக்கிறது. டிஸ்க் இல்லாமல் பென் டிரைவில் படம் பார்க்கலாமா? தமிழ் சப்டைட்டில் வருமா?

பதில்: பிளேயரின் முகப்பில் 'டிவ்எக்ஸ்' முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்ஸ்விட் என்ற முறையில் சுருக்கிய வீடியோ, எம்பி3 ஆடியோ கொண்ட ஏவிஐ ஃபைல் ஓடும். அளவு 720 x 576-ஐத் தாண்டக் கூடாது. எக்ஸ்விட் செட்டிங்கில் 'கியூபெல்', 'ஜிஎம்சி' இரண்டையும் அணைத்துவிடுங்கள். பல பிளேயர்கள் அவற்றில்தான் தடுமாறும். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும்.

தமிழ் சப்டைட்டிலை எஸ்ஆர்டி ஃபைலாக (சப்டைட்டில் எழுத்து மட்டும் உள்ள தனி ஃபைல்) கொடுத்தால் பெரும்பாலும் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் வரும். பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை. எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள்: ஹேண்ட்பிரேக்கில் சப்டைட்டில் பகுதியில் எஸ்ஆர்டியைச் சேர்த்து 'பர்ன் இன்' கொடுத்தால் போதும். முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, 'கொ', 'கே', 'கை' போன்ற எழுத்துகளில் கொம்பு சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த ஃபைலை ஏவிஐ ஆகவோ டிவிடி ஆகவோ மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் பழைய பிளேயர் 'நோ டிஸ்க்' என்கிறது.

பதில்: மறுபடி எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ என்றால் அதுவே காரணமாக இருக்கலாம், அது லேசரைக் குறைவாகப் பிரதிபலிக்கும். டிவிடி-ஆர் வாங்குங்கள், 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் பதியுங்கள், முடிவில் 'ஃபைனலைஸ்' செய்யுங்கள் (இனி எதுவும் சேர்க்க முடியாதபடி பதிவை முடித்து மூடுவது). டிஸ்க் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும். பெயரை டிஸ்க்குக்கான மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.