தீர்ப்பாயம் எல்லை மீறினால் பாதியில் நிறுத்த முடியுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் இருந்துகொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் (நீதிப்பேராணை) வழக்குகள் நடத்துகிறேன். இல்லாத அதிகாரத்தைத் தீர்ப்பாயமோ விசாரணை அதிகாரியோ கையில் எடுத்தால் உயர் நீதிமன்றம் எப்படித் தடுக்கும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அப்படித் தடுக்கும் ரிட்டுக்கு ப்ரொஹிபிஷன் என்று பெயர். கேள்விகள் வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கானாடுகாத்தான்: எங்கள் வளவு வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் மட்டும் பெரியப்பா எழுதிய உயில் என்று ஒன்றைக் காட்டித் தன் பெயருக்குப் பட்டா கேட்கிறார். உயிலை விசாரிக்கப் போவதாக வட்டாட்சியர் நோட்டீஸ் வந்திருக்கிறது. தடுக்க முடியுமா அண்ணே?

உயில் உண்மையா, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தில் வட்டாட்சியர் பதிவேட்டில் பெயர் மாற்றலாம், ஆனால் சொத்துரிமையிலேயே தகராறு என்று வந்துவிட்டால் கோர்ட்டுக்குப் போங்கள் என்று இரு தரப்பையும் அனுப்ப வேண்டியவர்தான். அதற்காக நாளைக்கே மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம். வெறும் நோட்டீஸை எதிர்த்துப் போனால், முதலில் அங்கே போய் ஆட்சேபம் சொல் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். கையில் இருக்கும் நோட்டீஸின் மேல்பக்கத்தில் ‘பார்வை’ என்று போட்டு நான்கைந்து வரி இருக்கும் பாருங்கள், எந்த மனு, எந்தச் சட்டப்பிரிவு என்று அங்கேதான் தெரியும். அதை வைத்து, இந்தப் பிரிவில் உயிலைத் தீர்மானிக்க அதிகாரம் இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, முதல் விசாரணையிலேயே கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். இதே மாதிரி ஒரு பங்காளி வழக்கில், அந்த முத்திரை போட்ட ஒற்றைத் தாளை நீதிபதி கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் விசாரணை எங்கள் பக்கம் திரும்பியது. வாயால் சொன்னேன் என்று நின்றிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

தேவகோட்டை: இந்த ப்ரொஹிபிஷனும் ஸ்டே வாங்குவதும் ஒன்றுதானே?

இல்லை. ஸ்டே என்பது வழக்கு முடியும் வரை அப்படியே நிறுத்தி வைப்பது. தடையுறுத்தும் நீதிப்பேராணை, அதாவது ப்ரொஹிபிஷன், இந்த விஷயத்தில் நுழைய உனக்கு அதிகாரமே கிடையாது என்று அந்தத் தீர்ப்பாயத்திடம் சொல்லி முடிப்பது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதுதான் கேட்க முடியும். உத்தரவு போட்டாகிவிட்டால் அதை ரத்து செய்யும் செர்ஷியோரரி கேட்க வேண்டும். 1954இல் ஹரி விஷ்ணு காமத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கோட்டையூர்: 2016இல் அப்பா எனக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதினார். பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்போது மூத்த குடிமக்கள் தீர்ப்பாயத்தில் ரத்து கேட்கிறார். அதிகாரம் இல்லை என்று நிறுத்தலாமா?

நிறுத்த முடியாது தம்பி, இங்கேதான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்ய, அந்தத் தீர்ப்பாயமாக உட்காரும் கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. நிபந்தனை இருந்ததா இல்லையா என்பது அந்த அதிகாரத்துக்கு உள்ளே அவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். தப்பாக முடிவு செய்துவிடுவாரோ என்ற பயத்துக்கெல்லாம் ப்ரொஹிபிஷன் கிடைக்காது. நிபந்தனை வேண்டும் என்று 2022இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம், ஆனால் 2025இல் ஊர்மிளா தீக்‌ஷித் வழக்கில் முதியவர் பக்கம் சாய்ந்து இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அங்கேயே போய் வாதாடுங்கள். அதே தீர்ப்பாயம் அக்கா தங்கைக்கெல்லாம் பாகம் பிரிக்க ஆரம்பித்தால் அது எல்லை மீறல், அப்போது வாருங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், இதை வக்கீலாகச் சொல்லவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: ஊர்க்கூட்டத்தில் அபராதம் போட்டிருக்கிறார்கள், ரிட் போடலாமா?

ஆச்சி, ஊர்க்கூட்டம் சட்டம் அமைத்த தீர்ப்பாயம் இல்லை, அதனால் இந்த ரிட் பொருந்தாது. அபராதம் கட்டாதீர்கள். மிரட்டினால் போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

காரைக்குடி, சட்ட மாணவர்: அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் இந்த ரிட் வாங்கியிருக்கிறார்களா?

நல்ல கேள்வி. 1950க்கு முன்னால் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று உயர் நீதிமன்றங்களுக்குத்தான் இந்த அதிகாரம், அதுவும் அந்தந்த நகர எல்லைக்குள் மட்டும். பர்லாகிமிடி ஜமீன் குடியானவர்கள் வழக்கில் 1943இல், அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு நம் ஊர்களில் பாதி ராமநாதபுரம் ஜில்லா, மீதி புதுக்கோட்டை சமஸ்தானம், ஆகவே வாசலே கிடையாது. அரசமைப்பின் 226ஆவது பிரிவு வந்துதான் காரைக்குடிக்காரனும் சென்னைக்காரனும் ஒரே படியில் ஏறினார்கள். 2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை வந்த பிறகு மேலூர் ரோட்டில் போய் ஒத்தக்கடை பக்கம் இறங்கினாலே போதும். தீர்ப்பாயங்கள் எத்தனை வந்தாலும் இந்த அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்று 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னார்களே, அதைக் கண்டிப்பாக முழுசாகப் படியுங்கள்.

புதுவயல்: நாங்களே சம்மதித்துத்தான் அந்த அதிகாரி முன் போனோம். இப்போது மாற்றிச் சொல்லலாமா?

சொல்லலாம். சட்டம் கொடுக்காத அதிகாரத்தை இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் கொடுக்க முடியாது. ஆனால் அதிகாரி எதிர்த்தரப்புக்கு உறவு, பாரபட்சம் என்ற ஆட்சேபம் வேறு. தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டு, தோற்ற பிறகு கிளப்பினால் எடுபடாது.

திருப்பத்தூர்: எங்கள் விசாரணை போன வாரமே முடிந்தது. உத்தரவு தயார் என்கிறார்கள், கைக்கு வரவில்லை. இன்னும் தடுக்கலாமா?

கையெழுத்து ஆகிவிட்டதா என்று முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். ஆகவில்லை என்றால் இன்றைக்கே என்னைப் போல ஒருவரைப் பிடித்து மனு தயார் செய்யுங்கள். ஆகியிருந்தால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, ரத்து கேட்கும் வழியில் வாருங்கள்.