எச்சில் சோதனை வேண்டாம், வாயைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு (வயது 43) ரத்தப் புற்றுநோய் வந்து, 2016-ல் அவருடைய தம்பியின் ஸ்டெம் செல்லை வைத்து மாற்று சிகிச்சை செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். காரம் பட்டால் மட்டும் வாய் எரிகிறது என்பார். மாமனாருக்கு 72 வயதில் குடல் புற்றுநோய் வந்தது. இவருக்கும் பரம்பரையாக இன்னொரு புற்றுநோய் வருமா? பிள்ளைகளுக்கு? எச்சிலை வைத்து மரபணு சோதனை செய்ய 18,000 ரூபாய் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: செய்யாதீர்கள். அந்த ஆள் நாளைக்கே குப்பியோடு வந்து நிற்பார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்தான் ஸ்டெம் செல்; அது தம்பியிடமிருந்து வந்ததால், உங்கள் கணவரின் ரத்தம் இப்போது தம்பியுடையது. தோல், குடல், விந்தணு எல்லாம் அவருடையவையே. எச்சிலில் வெள்ளணுக்கள் ஏராளம், அவையும் தம்பியுடையவை. எச்சிலை அனுப்பினால் அண்ணன் தம்பி இருவரையும் கலந்து ஒரு அறிக்கை வரும். ரத்தம் கொடுத்தால் தம்பியின் மரபணுதான் வரும். இவருடையதைப் பார்க்க வேண்டுமென்றால், தோலில் சிறு துண்டு எடுத்து, அந்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். 'மாற்று சிகிச்சை ஆனவரா?' என்று படிவத்தில் ஒரு வரி கேட்டால் போதும். கேட்டால் வியாபாரம் போய்விடுமே!

இதே ரக முகவர்கள்தான் பிரசவ வார்டு வாசலில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி நிற்பவர்கள். மரபணுக் குறையோடு பிறந்த குழந்தைக்கு, அதே குறையுள்ள சொந்த ரத்தத்தைப் பத்திரப்படுத்தி என்ன பயன்? சரி, அதை விடுங்கள்.

மாமனாருக்கு 72 வயதில் வந்ததை வைத்துப் பரம்பரை என்று பயப்பட வேண்டியதில்லை. ஐம்பதுக்குள் வந்திருந்தாலோ, நெருங்கிய சொந்தத்தில் பலருக்கு வந்திருந்தாலோ யோசிக்கலாம். தம்பியின் மரபணு உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது.

ஆனால் இரண்டாவது புற்றுநோய் என்ற பயம் வீண் பயம் இல்லை. பிறரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற 28,874 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், கட்டிப் புற்றுநோய்கள் (ரத்தத்தில் இல்லாமல் உறுப்புகளில் கட்டியாக வருபவை) மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வந்திருந்தன; 15 ஆண்டு தாண்டியவர்களுக்கு மூன்று மடங்கு. மாற்று சிகிச்சைக்காக உடல் முழுக்கக் கதிர்வீச்சு வாங்கியவர்களில், அப்போது முப்பது வயதுக்கு உட்பட்டிருந்தவர்களைத்தான் அந்தக் கதிர்வீச்சு அதிகம் பாதித்தது. உங்கள் கணவர் அப்போதே முப்பதைத் தாண்டியவர். அவர் விஷயத்தில் நான் கவனிப்பது அந்த வாய் எரிச்சலை. தம்பியின் செல்கள் இவர் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குவதை ஜி.வி.எச்.டி. என்போம். அது வருடக்கணக்கில் நீடித்தால் வாயிலும் தோலிலும் புற்றுநோய் வர வாய்ப்பு கூடுகிறது. ஆண்களுக்கு இன்னும் கூடுதல். அதன் அடையாளமாகக் கன்னத்தின் உட்புறம் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு 'வைட்டமின் குறைவு' என்று மாத்திரை வாங்கிப் போடாமல் பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) கேளுங்கள். பாக்கு, புகையிலை பக்கமே போகக்கூடாது.

மரபணு உண்மையிலேயே குற்றவாளியாகும் நோய் ஒன்று உண்டு: ஃபான்கோனி அனீமியா. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இது கூடுதலாக வரும். குழந்தை குள்ளமாக இருக்கலாம், கட்டைவிரல் கோணலாக இருக்கலாம், தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கலாம், ரத்தம் ஊறாது. வெளி அடையாளங்கள் எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் ரத்தம் ஊறாத குழந்தைக்கு மாற்று சிகிச்சைக்கு முன்பே குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) உடைகிறதா என்று சோதிக்க வேண்டும். தானம் தரப்போகும் உடன்பிறப்புக்கும்தான். சிகிச்சையில் ரத்தம் சரியாகிவிடும். வாயும் தொண்டையும் பழைய மரபணுவோடுதான் இருக்கும். அங்கே புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு, அதுவும் இளம் வயதிலேயே. 'குணமாகிவிட்டது' என்று வீட்டுக்குப் போன பிள்ளை இருபது வயதில் நாக்குப் புற்றோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

லட்சக்கணக்கில் செலவழித்து ஸ்டெம் செல் மாற்றும் நம் ஏற்பாட்டில், பத்து வருடம் கழித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஒரு ஆள் போடத் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் கதிர்வீச்சு எவ்வளவு என்ற வரிகூடப் பலருக்கு இருக்காது.

உங்களிடம் அந்த விவரம் இல்லையென்றால், சிகிச்சை நடந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு இந்த மாதமே ரத்தநோய் மருத்துவரையும் பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டினால் போதும்.