தறிக்காரரின் ஓட்டும் தறி ஓட்டுபவரின் ஓட்டும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலையையும் வாக்கையும் பற்றியவையாகவே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: தேர்தலுக்குத் தேர்தல் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் கூடுகிறது. எல்லாக் கட்சிகளும் தொழிலாளர் பக்கம் நிற்பதாகவே சொல்கின்றன. பல வருடங்களாகத் தறி ஓட்டும் எனக்குக் கூலி மட்டும் ஏன் அந்த வேகத்தில் ஏறவில்லை?
– விசைத்தறித் தொழிலாளி, ஜலகண்டாபுரம்

பதில்: அந்த மின்சாரம் உங்களுக்கு வருவதில்லை, நீங்கள் ஓட்டும் தறியின் உரிமையாளருக்கு வருகிறது. 2006இல் கருணாநிதி ஆட்சி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று தொடங்கியதை, 2016இல் ஜெயலலிதா 750 ஆக்கினார். 2021 தேர்தலில் 1000 என்று வாக்குறுதி கொடுத்த தி.மு.க., 2023இல் அதை நிறைவேற்றியது. இரு கழகங்களும் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததால் விளைந்த நன்மை இது. அதை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இந்தச் சலுகை இல்லாமல் போயிருந்தால் நான்கு தறி, ஆறு தறி வைத்திருக்கும் எத்தனையோ பட்டறைகளின் தறிகள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.

ஆனால் உங்கள் முதலாளியும் முழு முதலாளி அல்லர் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையுமாக நூலைக் கொடுக்க, மீட்டருக்கு இவ்வளவு அல்லது சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு நெய்து கொடுப்பவர் அவர். அந்தக் கூலியிலிருந்துதான் உங்கள் வாரக் கூலி பிரிகிறது. மின்செலவு குறைந்தது உற்பத்தியாளருக்கும் தெரியும் என்பதால், அடுத்த முறை கூலி பேசும்போது அந்தக் கணக்கும் பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2025 மார்ச், ஏப்ரலில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலித் தறி உரிமையாளர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் தறிகளை நிறுத்திப் போராடியபோது அவர்கள் கேட்டது கூலி உயர்வை மட்டுமல்ல. ஒப்புக்கொண்ட கூலியை உற்பத்தியாளர் பின்னால் குறைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பையும் கேட்டார்கள். தறிக்கு உரிமையாளரான தறிக்காரருக்கே எழுத்தில் உறுதியில்லாத இடத்தில், முன்பணம் வாங்கிக்கொண்டு அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாமல் தறி ஓட்டுபவருக்கு எங்கிருந்து உறுதி வரும்?

கூலியைப் பற்றிப் பேசக் கட்சிகள் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நூல் விலை, ஏற்றுமதி, இறக்குமதி வரி ஆகியவை டெல்லியின் கையில் இருப்பதால் மாநிலக் கட்சிகள் அவற்றைப் பற்றிக் கடிதம் எழுதலாம், தீர்மானம் போடலாம். தாமே கொடுக்கக்கூடியது மின்சாரமும் அரிசியும் உரிமைத் தொகையும்தான் என்று அவை சொல்லிக்கொள்கின்றன. அது பாதி உண்மை. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பதும், அது கொடுக்கப்படுகிறதா என்று ஆய்வாளரை அனுப்பிப் பார்ப்பதும் மாநில அரசின் வேலை. அதைப் பற்றி மேடையில் பேசினால் தறிக்காரர் முகம் சுளிப்பார்; நம் ஊர்களில் கிளைச் செயலாளரே பல நேரம் ஒரு தறிக்காரர். மின்சாரம் என்றால் தறிக்காரரும் நீங்களும் சேர்ந்து கைதட்டுவீர்கள், கூலி என்றால் ஒருவர்தான் தட்டுவார். அதனால்தான் யூனிட் எண்ணிக்கை சுவரொட்டிக்கு வருகிறது, கூலி வருவதில்லை.

கேள்வி: வெள்ளி விலை ஏறியதில் எங்கள் கொலுசுப் பட்டறையில் வேலை வாரத்துக்குச் சில நாள்கள் என்று சுருங்கிவிட்டது. போதாததற்கு வெளிநாட்டுக் கொலுசும் வந்ததாகச் சொன்னார்கள். இதை எந்தக் கட்சியிடம் கேட்பது?
– சிவதாபுரம் வாசகர்

பதில்: முதலில் இரண்டு துன்பங்களையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 2025ஆம் ஆண்டில் மட்டும் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது உலகச் சந்தையின் வேலை. அதை நிறுத்த எந்தக் கட்சியாலும் ஆகாது, நிறுத்துவேன் என்பவரை நம்பவும் வேண்டாம். இரண்டாவது, கொள்கையால் வந்தது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் வெள்ளிக்கான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டது. பட்டறைகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் தாய்லாந்து போன்ற நாடுகளோடு இருக்கும் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் வழியே, செய்து முடித்த வெள்ளி நகைகளே வரிச் சலுகையோடு உள்ளே வரத் தொடங்கின. அந்த வரவு பெருகிய பிறகு, 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு கற்கள் பதிக்காத வெள்ளி நகை இறக்குமதிக்கு 2026 மார்ச் 31 வரை கட்டுப்பாடு விதித்தது. ஆகவே இந்தக் கேள்வியை நாடாளுமன்றத்துக்கு நிற்பவரிடம் கேட்க வேண்டும்: குறுகிய காலக் கட்டுப்பாடா, உடன்பாட்டிலேயே திருத்தமா, எதற்காக நீங்கள் பேசுவீர்கள்?

சட்டமன்றத்துக்கு நிற்பவரிடம் கேட்க வேண்டியது வேறு. கொலுசு வேலையில் ஒருவர் கம்பி இழுக்கிறார், ஒருவர் பொடி வைத்துப் பற்றவைக்கிறார், ஒருவர் மெருகு போடுகிறார். பெண்கள் வீட்டிலிருந்தபடியே சலங்கை கோக்கிறார்கள். ஆர்டர் குறையும்போது கூலி முதலில் நிற்பது வீட்டிலிருக்கும் அந்தப் பெண்களுக்குத்தான். 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நல வாரியங்களில் பொற்கொல்லருக்கும் ஒன்று உண்டு. உறுப்பினர் அட்டை உள்ளவருக்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் சாவுக்கும் உதவி கிடைக்கிறது, ஆனால் வேலை இல்லாத மாதத்துக்கு எதுவும் இல்லை. விலை ஏற்றத்தால் பட்டறை மூடிக் கிடக்கும் நாள்களுக்கு ஓர் இடைக்கால உதவி என்று எந்தக் கட்சியாவது எழுதித் தருமா என்று கேளுங்கள். வங்கிக் கடன் கிடைக்கும் என்று சொன்னால், அது பட்டறைக்காரருக்கான பதில் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் தொழிலாளர்கள் டிரம்ப்பின் பக்கம் போனார்கள் என்கிறார்கள். அவர் போட்ட வரியால் இங்கே வேலை போனது. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்கு எதிராக வாக்களிக்கிறாரா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆலை மூடப்பட்டு வேலை இழந்தவருக்கு ஜலகண்டாபுரம் தெரியாது, அவர் எந்தத் தொழிலாளிக்கும் எதிராக வாக்களிக்கவில்லை, தன்னைக் கைவிட்டதாக அவர் நினைத்த கட்சிக்கு எதிராக வாக்களித்தார். அந்த நினைப்புக்கு ஆதாரம் உண்டு. தொழிற்சங்கங்களின் கட்சி என்று பெயரெடுத்திருந்த ஜனநாயகக் கட்சியின் அதிபர் கிளிண்டன்தான், மெக்சிகோ, கனடாவுடனான வர்த்தக உடன்பாட்டைச் சட்டமாக்கி 1994இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சீனாவுக்கு நிரந்தர வர்த்தக உறவு வழங்கும் சட்டத்தில் 2000ஆம் ஆண்டில் கையெழுத்திட்டவரும் அவரே. அந்த ஆண்டில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் இருந்த அமெரிக்க ஆலை வேலைகள் 2010இல் ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சமாகக் குறைந்தன. எல்லாம் சீனாவால் அல்ல. இயந்திரமும் 2008 நெருக்கடியும் பெரும் பங்கு எடுத்துக்கொண்டன. ஆனால் மூடிய ஆலையின் வாசலில் நிற்பவரிடம் அந்தப் பங்கீட்டை விளக்க முடியாது. இறக்குமதியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டம் 1962 முதலே அங்கே இருந்தது. அவருக்கோ வேலை வேண்டியிருந்தது. அந்தத் திட்டமும் 2022இல் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனது.

2016இல் ஆலைத் தொழில் மாநிலங்களான மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றும் டிரம்ப்புக்குப் போயின. 2020இல் பைடனுக்குத் திரும்பின. 2024இல் மறுபடி டிரம்ப்புக்கு. ஆகவே அந்த வாக்கு யாருக்கும் சொந்தமாகிவிட்டது என்று சொல்வது பிழை. கார்த் தொழிலாளர் சங்கத்தையே பாருங்கள்: 2024 தேர்தலில் அது கமலா ஹாரிஸை ஆதரித்தது, 2025இல் டிரம்ப் இறக்குமதிக் கார்களுக்கு வரி விதித்தபோது அதை வரவேற்றது. இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. கட்சியைப் பார்க்காமல் தன் உறுப்பினரின் வேலையைப் பார்க்கிற சங்கம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், 27 முதல் மேலும் 25 சதவீதம் என்று இந்தியப் பொருள்களுக்கு வரி ஏறியதும் திருப்பூர் பனியனுக்கும் கரூர் வீட்டு உபயோகத் துணிக்கும் அமெரிக்க ஆர்டர்கள் தடுமாறின. அவற்றுக்கு நூல் கொடுக்கும் நம் பகுதி மில்களுக்கும் அந்த அதிர்ச்சி வந்து சேர்ந்தது. அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியது. இரண்டும் ஆலைக்கும் ஏற்றுமதியாளருக்கும் தேவையானவையே. ஆனால் ஷிஃப்ட் குறைக்கப்பட்ட தொழிலாளிக்கு அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு ஈடு என்ற பேச்சு, நான் பார்த்த வரையில், எந்த மேடையிலும் முதல் பேச்சாக இல்லை.

கேள்வி: ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை கொடுத்துக் கொடுத்து உழைக்கிறவரைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்பது சரிதானே?
– ஓமலூர் வாசகர்

பதில்: சரியல்ல. மாதம் 1000 ரூபாயில் சோம்பேறியாக வாழ முடிந்தால் அந்தக் கலையை நீங்களும் நானும் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்காமல் காத்தது கட்சிகளா, தொழிற்சங்கங்களா?
– ஓய்வுபெற்ற ஊழியர், மோகன் நகர்

பதில்: இந்த ஆலை பிறந்ததே கட்சி அரசியலில்தான். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, சேலம் உருக்காலையும் சேது சமுத்திரத் திட்டமும் கேட்டு எழுச்சி நாள் நடத்தினார். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலை இரும்புத் தாதுவை நம்பிக் கேட்ட ஆலை, கடைசியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக வந்தது என்பது தனிக் கதை. 2019இல் ஒன்றிய அரசு இதை வாங்க விரும்புவோரிடம் விண்ணப்பம் கோரியபோது, வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த சங்கங்கள் ஆலை வாயிலில் ஒன்றாகவே நின்றன. அந்த வாயில்தான் விடை என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருபவர்களைக் கட்சிகள் கண்ணால் பார்க்கின்றன. நூறு பட்டறைகளில் சிதறிக் கிடப்பவர்களைப் பார்ப்பதில்லை.

இதற்கு இன்னொரு சான்று உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. இடதுசாரிகள், காங்கிரஸ், விடுதலைச் சிறுத்தைகள் ஆகிய கூட்டணிக் கட்சிகள் எதிர்த்தன. அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்ட அந்தத் திருத்தம் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. சங்கம் கட்சிக்குள்ளேயே இருந்துகொண்டு கட்சியை எதிர்க்க முடிந்ததால் நடந்தது அது.

ஆனால் வாயிலும் குறுகி வருகிறது. நிரந்தர ஊழியர் ஓய்வுபெறும் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வருகிறார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 300 பேருக்குக் குறைவான ஆலையை அரசின் முன் அனுமதி இல்லாமல் மூடலாம். முன்பு அந்த வரம்பு 100. ஆறு பேர் வேலை செய்யும் தறிப்பட்டறைக்குப் பழைய வரம்பும் பாதுகாப்பு தரவில்லை, புதியதும் தராது.

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளர்களைக் கட்சிகள் எப்போது நினைக்கும்?
– ஏற்காடு வாசகர்

பதில்: இடைத்தேர்தல் வந்தால் நினைக்கும். 2013 டிசம்பரில் உங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது அமைச்சர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காப்பி விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டக் கூலி எவ்வளவு ஏறியது என்ற ஒரே கேள்வியை அடுத்த முறை வருபவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தொழிலாளர் வாக்கு என்று எழுதுகிறீர்கள். சேலத்தில் யார் தொழிலாளியாக வாக்களிக்கிறார்? சாதியாகத்தானே வாக்களிக்கிறார்கள்?
– ஆத்தூர் வாசகர்

பதில்: இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. தறி, வெள்ளி, ஜவ்வரிசி என்று நம் தொழில்கள் ஊர்வாரியாகவும் சமூகவாரியாகவும் அமைந்திருப்பதால், தன் ஊர்த் தொழில் நசிந்தால் தன் சமூகமே நசிவதாக ஒருவர் உணர்வது இயல்பு. கட்சிகளும் அதே மொழியில் பேசிவிட்டுப் போகின்றன. ஆனால் சாதிக் கணக்கு மட்டுமே என்றால் முடிவுகள் மாறக் கூடாது. 2021இல் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் சேலம் வடக்கு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அ.தி.மு.க. கூட்டணி வென்றது, 2024 மக்களவைத் தேர்தலில் சேலத்தை தி.மு.க. வென்றது. மூன்று ஆண்டுகளில் யாருடைய சாதியும் மாறவில்லை.

சாதிக் கணக்கிலும் கட்சிக் கணக்கிலும் வராத ஒருவர் இப்போது நம் பட்டறைகளில் இருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்குப் பெரும்பாலும் இங்கே வாக்கு இல்லை. அதனால் அவருடைய கூலியைப் பற்றிப் பேசி எந்த வேட்பாளருக்கும் லாபமில்லை. அவருக்குக் குறைத்துக் கொடுக்க முடிகிறவரை உள்ளூர்க்காரருக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு வராது. வெளியாரை விரட்டுவோம் என்று கைதட்டல் வாங்குகிறவர்களிடம், ஒரே வேலைக்கு இருவருக்கும் ஒரே கூலி வாங்கித் தருவீர்களா என்று கேளுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமே, ஒப்பந்தக்காரர் வழியாக வருபவருக்கு உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலியைக் கட்டாயமாக்கியது.